தரிசு என்று எழுதிய நிலம்

சென்னைக்கு இன்னும் எத்தனை வீடுகள் வேண்டும்? அவற்றைக் கட்ட நிலம் எங்கே இருக்கிறது? நகரத் திட்டம் வகுப்பவர்கள் எப்போதும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் உட்காருகிறார்கள். முதல் கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து விடை வருகிறது. இரண்டாவதற்கு வருவாய்த் துறையின் பதிவேட்டிலிருந்து. முதல் விடையைப் பற்றி நிறையப் பேர் வாதாடியிருக்கிறார்கள். இரண்டாவதை அதிகம் பேர் தொடுவதில்லை. நிலம் என்றால் இருக்கும், அல்லது இருக்காது, அதில் வாதாட என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும். கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்த இரண்டாவது விடைதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நிலத்தைக் காலி என்று எழுதியவர் யார், எப்போது எழுதினார், எழுதும்போது அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், செங்கல்பட்டு மாவட்டத்தின் நூற்றுமுப்பது வருட வரலாறு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது.

பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, மண் வகை, தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர் என்று பத்தி பத்தியாகப் போகும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. நிலத்துக்குத் தீர்வை உண்டா என்பதுதான் இந்தப் பதிவேட்டின் ஒரே அக்கறை. பயிரிட்டால் தீர்வை கிடைக்கும், ஆனால் யாரும் பயிரிடவில்லை என்றால் அது தீர்வை ஏற்பட்ட தரிசு. தீர்வையே விதிக்காமல் விட்டிருந்தால் தீர்வை ஏற்படாத தரிசு. தீர்வைக் கணக்குக்கு வெளியே பொதுக் காரியத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது புறம்போக்கு: ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல், மந்தைவெளி, களம், சுடுகாடு. குடியிருப்பு என்றால் நத்தம். இவ்வளவுதான் நிலத்தின் வகைகள். இது வரி வாங்குகிறவனின் பார்வை. நிலத்தில் வாழ்கிற யாரும் நிலத்தை இப்படிப் பிரிப்பதில்லை.

என் பாட்டி பிரித்த விதம் வேறு. மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர் அவர். அவருக்கு ஏரியின் வெளிவாய்ப் பக்கம் கோரை அறுக்கும் இடம். கருவேல முள் வெட்டும் இடம் ஒன்று, வரட்டி தட்டும் பாறை ஒன்று. மழை விட்டதும் பண்ணைக்கீரை முளைக்கும் மேடு ஒன்று. விடிவதற்கு முன் பெண்கள் சேர்ந்து ஒதுங்கப் போகும் பள்ளம் ஒன்று. அது ஆண்கள் வராத இடம் என்பது ஊருக்கே தெரியும். பதிவேட்டில் இவை எல்லாமே தரிசு அல்லது புறம்போக்கு. குறிப்புப் பத்தியில் அதிகம் போனால் ‘ஏரி’, ‘பாறை’ என்று இருக்கும். அடுப்பு எரிக்கவும், மாட்டுக்குப் போடவும், உடம்பின் தேவைக்கு ஒதுங்கவும் பெண்கள் நம்பியிருந்த நிலம் அது. அந்த வேலைக்குக் கூலி இல்லை, தீர்வையும் இல்லை. ஆகவே பதிவும் இல்லை.

பாட்டி சொன்னதில் இன்னொன்றும் உண்டு. அந்தப் பாறைக்கு யார் எந்த நேரத்தில் போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. நான் ஊர்ப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். சேரியின் நத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. ஆகவே ‘பொது நிலம் பெண்களின் நிலம்’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேதத்தைப் பதிவேட்டில் தேடினால் வந்து சேரும் இடம் 1891.

அந்த ஆண்டு செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர் மாவட்டத்தின் பறையர் நிலைமை குறித்து நீண்ட அறிக்கை ஒன்றை எழுதி அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்கிற நிலங்களுக்கு மூலம் அந்த அறிக்கைதான். அதையடுத்து 1892 செப்டம்பரில் வந்த 1010ஆம் எண் அரசாணையைத் தலித் நில உரிமைப் போராட்டங்கள் இன்றும் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கின்றன. அந்த அறிக்கையை நான் வாசிப்பது கொஞ்சம் வேறு காரணத்துக்காக. ஒரு மாவட்டத்தில் நிலமற்றவர்களுக்குக் கொடுக்க நிலம் இருக்கிறதா, இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்துக்குள்ளிருந்தே ஒருவர் கேட்ட கேள்வி அதில் இருக்கிறது.

நிலம் இருந்தது. பதிவேட்டின்படி ஏக்கர் கணக்கில் தரிசு கிடந்தது. தரிசை யார் வேண்டுமானாலும் கேட்டு மனுப் போடலாம். அந்த மனுவுக்குத் தர்காஸ்து என்று பெயர். ஆனால் செங்கல்பட்டு மிராசு மாவட்டம். தரிசுக்கு வேறு ஒருவர் தர்காஸ்து போட்டால், ‘எனக்கு முன்னுரிமை’ என்று மிராசுதார் வந்து நிற்க விதிகள் இடம் கொடுத்தன. பறையர் ஒருவர் மனுப் போட்டதும் அதுவரை யாருக்கும் வேண்டாமல் கிடந்த நிலம் திடீரென்று மிராசுதாருக்கு வேண்டியதாகிவிடும். காகிதத்தில் காலி, கேட்டால் இல்லை.

வீட்டு நிலத்தின் கதை இதைவிட மோசம். சேரியின் குடிசைகள் நின்ற மண் தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையை விட்டு வேறு வேலைக்குப் போனால் குடிசையையும் விட்டுப் போக வேண்டும். இதில் பெண்ணின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நடவுக்குக் கூப்பிட்ட நேரத்துக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னால், பிள்ளைகள் தூங்கும் இடமே போகும். பண்ணையாள் முறையைப் பற்றிப் பேசும்போது கடனைப் பற்றி நிறையப் பேசுகிறோம், குடியிருக்கும் மண்ணைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். டிரெமன்ஹீர் இதைக் கண்டிருந்தார். வீட்டுமனை அவர்களுக்கே சொந்தமாக வேண்டும் என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று. ஆனால் வீட்டுமனைக்கென்று அரசாங்கம் நிலம் எடுத்துத் தருவது ஓரளவு பெரிய வேலையாக நடந்தது 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை அமைந்த பிறகுதான். அதுவும் தவணை கட்டித் தீர்க்க வேண்டிய மனைகள். அடுத்தவர் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த மண்ணையே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வர 1971 ஆனது. ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978இல். எண்பது ஆண்டு இடைவெளியை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அதில் நான்கு தலைமுறைப் பெண்கள் அடுத்தவன் மண்ணில் சமைத்திருக்கிறார்கள்.

நகரத்தின் பக்கம் வருகிறேன். 1915இல் பாட்ரிக் கெட்டிஸ் தமது நகரத் திட்டக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்தார். 1918இல் எச்.வி. லான்செஸ்டரின் ‘டவுன் பிளானிங் இன் மெட்ராஸ்’ புத்தகம் வந்தது. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. சட்டம் வந்த சூட்டில் நகரத்துக்கு வீட்டு நிலம் தேடியவர்களின் கண்ணில் பட்டது மாம்பலத்தின் நெடும் ஏரி. 1920களின் நடுவில் அந்த ஏரியின் இடத்தில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, பார்க்க ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு சாலை இருக்கிறது; அந்த ஏரியின் இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. தியாகராய நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை என்று கண்ணில் படும் பெயரெல்லாம் ஆண்கள். பெண் பெயரில் எனக்குத் தெரிந்தது கண்ணம்மாபேட்டை. அதையும் ஊர் சுடுகாட்டை வைத்தே அடையாளம் சொல்கிறது.

ஏரியை நகரம் தின்ற கதையைச் சூழலியல் எழுத்தாளர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது ஒரு சின்ன விஷயம்தான். ஏரி புறம்போக்கு, குடியிருப்புக்கு ‘கிடைக்கக்கூடிய’ நிலமாக மாறிய முறை. பட்டாதாரர் பெயர் இல்லாத நிலம் என்பதால் இழப்பீடு கேட்டு யாரும் வரமாட்டார்கள். நிலம் எடுப்பதில் அதிகாரிகளுக்கு இருக்கும் தலைவலி பெரும்பாலும் பட்டாதாரர்தான். ஆகவே தேடும் கை முதலில் போவது புறம்போக்குக்கு. அந்தப் புறம்போக்கில் புல் அறுத்தவளும் மாடு குளிப்பாட்டியவளும் எந்தப் பத்தியிலும் பெயரில்லாதவர்கள். இந்த முறை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

1970கள் கொஞ்சம் வேறு மாதிரியான காலம். எனக்கு அந்தப் பத்தாண்டின் மேல் ஒரு மரியாதை உண்டு, குறைகள் தெரிந்தே. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கிடப்பட்டு அறிவிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்டால் சட்டத்தின் காப்பு உண்டு. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் தொடக்க கால அணுகுமுறை. அதாவது மக்கள் எங்கே வாழ்கிறார்களோ அதுவே வீட்டுக்கான நிலம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. பிறகு 1977இல் உலக வங்கிக் கடனோடு மனையும் அடிப்படை வசதியும் கொடுக்கும் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சின்ன மனை, தண்ணீர், கழிப்பறை கொடுத்து, வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய மனைகளை விற்ற லாபத்தில் சின்ன மனைகளின் விலை குறைந்தது. அந்தத் தெருக்களில் இன்று நடந்தால் மூன்று மாடி வீடும் தையல் கடையும் மாவு அரைக்கும் இடமும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அந்த இடங்கள் நகரத்தின் விளிம்பில் இருந்தன. ஆனால் பேருந்து போய் வரும் விளிம்பு.

1978இல் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நகரத்துக்குள் ஒருவர் அளவுக்கு மீறி வைத்திருக்கும் காலி மனையை அரசு எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு ஓட்டைகள் இருந்தாலும், நகரத்தின் நடுவில் இருக்கும் தனியார் நிலமும் எல்லோருடைய வீட்டுத் தேவைக்கான கணக்கில் வரும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1999இல் அதை ரத்து செய்தார்கள். குடிசைப் பகுதி அறிவிப்போ அதற்கு முன்பே நின்றுவிட்டது. 1985இல் மேலும் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்களும் ஏற்கெனவே விடுபட்டவர்களும் சட்டத்தின் கண்ணில் குடிசைவாசிகள்கூட இல்லை, ஆக்கிரமிப்பாளர்கள். அதற்கும் பதிவேட்டில் சொல் தயாராக இருந்தது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபகரமான புறம்போக்கு என்று இரண்டு. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை எல்லாம் ஆட்சேபகரமானவை. பக்கிங்காம் கால்வாயின் கரையில் குடிசை போட்டால் ஆட்சேபகரம். அதே கால்வாயின் மேல் தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டபோது அந்தச் சொல் எங்கே போனது என்று தெரியவில்லை.

உச்சவரம்புச் சட்டம் போன மறு ஆண்டு, 2000இல், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டும் கோப்பு ஏதும் என்னிடம் இல்லை. ஆனால் ஒரே மனநிலையின் இரண்டு முகங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. நகரத்துக்குள் ஏழைகளுக்கு நிலம் இல்லை என்று முடிவாகிவிட்டது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் அப்போது எந்தக் கணக்கிலும் ‘கிடைக்கும் நிலம்’ ஆக வரவில்லை. அதன் குத்தகையை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதே 2024இல்தான். கிடைத்த நிலம் தெற்கே, பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டி. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடந்த சதுப்பு அது. மழை நீரைத் தேக்கி வைத்து மெல்லக் கடலுக்கு விடும். கோரையும் மீனும் நண்டும் கொடுக்கும். குப்பைக் கிடங்கும் நிறுவனங்களும் சாலைகளும் வந்து, இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். எஞ்சியதற்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. அரை நூற்றாண்டு அதைப் பாழ்நிலமாக நடத்திய பிறகு.

கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவற்றில் ஒரு வீடு 195 சதுர அடி. அடுத்துச் செம்மஞ்சேரி, சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களையும் கடலை விட்டு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி அடையாற்றின் கரையிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். அந்த வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும்தான் தண்ணீரில் நின்றன.

ஒரு நகருக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தவர்கள் அவள் கதையை முழுவதும் நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிழைப்புத் தேடிச் சொந்த ஊரை விட்டு வேறு நகரத்துக்கு வந்தவள், அந்த நகரத்தின் அரசிடம் நியாயம் கேட்டவள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பெரும்பாக்கத்துக்கு மாணவிகளோடு சில ஆண்டுகளாகப் போய் வருகிறேன். அங்கே பெண்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: முன்பு காலை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வீட்டு வேலை செய்த பெண் ஒருவர் முன்பு ஆறு மணிக்கு முதல் வீட்டுக்குப் போவார். பாத்திரம் தேய்த்து, வாசல் தெளித்து, ஏழரைக்குத் தன் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். மறுபடி ஒன்பது மணிக்கு இரண்டாவது வீடு. மூன்று, நான்கு வீட்டு வேலை என்பது நடந்து போகும் தூரத்தில்தான் சாத்தியம். இடையிடையே வந்து உலை வைக்கவும், குழாயில் தண்ணீர் வந்தால் பிடிக்கவும், கைப்பிள்ளையைப் பார்க்கவும் முடிந்தால்தான் அந்த வேலை ஒரு வேலை. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் அந்த இடைவேளைகள் எல்லாம் போய்விட்டன. ஒருமுறை கிளம்பினால் மாலைதான் திரும்ப முடியும். காலை வீடு போனது, பிறகு இரண்டாவது வீடும் போனது. பேருந்துக் கட்டணம் கூலியில் ஒரு பங்கைத் தின்றது. (பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021இல்தான் வந்தது. அதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு வாரம் வேலைக்குப் போய் வரட்டும்.) பழைய சாலையோரத்தில் இட்லிக் கடை போட்டவருக்கு வாடிக்கையாளர் போனார்கள். வயதுக்கு வந்த மகளைத் தனியே எட்டு மாடிக் கட்டடத்தில் விட்டுப் போக மனமில்லாமல் வேலையை விட்ட தாய்களும், கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றியதால் படிப்பு நின்ற மகள்களும் உண்டு. முகவரியைப் பார்த்ததுமே வேலை இல்லை என்று சொல்லும் இடங்களைப் பற்றி இளம் பெண்கள் சொல்வார்கள்.

கண்ணகி நகரின் வீட்டு வேலைப் பெண்களைப் பற்றிக் கேரன் கோயெல்லோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2013இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் கட்டுரை எழுதினார்கள். பெண்ணுக்கு எந்தக் கூலி வேலை வாய்க்கும் என்பதை வீடும் வீடிருக்கும் இடமும் தீர்மானிப்பதை அறிய விரும்பும் மாணவிகள் அதிலிருந்து தொடங்கலாம். நகரத் திட்டத்தில் ‘குடும்பம்’ என்பது வீடு தேவைப்படும் ஓர் அலகு. இத்தனை குடும்பம், இத்தனை வீடு, கழித்தால் பற்றாக்குறை. அந்த அலகுக்குள் யார் எத்தனை மணிக்கு எழுந்து எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று கணக்கு இல்லை. ஏக்கர் சரியாக இருந்தால் திட்டம் சரி. தூரத்தின் விலையைக் கட்டுவது பெண் என்பதால் அது திட்டச் செலவில் வருவதில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். வாரிய வீடுகளின் ஒதுக்கீட்டைக் குடும்பத்தின் பெண் பெயரில் கொடுக்கிறார்களே, இலவச வீட்டுமனைப் பட்டாவும் பெண் பெயரில் வருகிறதே, இது பெண்ணியத்துக்கு வெற்றி இல்லையா? வெற்றிதான், அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். 1989இல் தமிழ்நாடு மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தபோது, நாட்டின் பல பகுதிகள் அதற்கு 2005 வரை காத்திருந்தன. பெயர் முக்கியம். குடித்துவிட்டு வந்து வெளியே போ என்று கத்துகிறவனிடம் ‘சீட்டு என் பேரில் இருக்கு’ என்று சொல்ல முடிவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒதுக்கீட்டு ஆணை வேறு, விற்பனைப் பத்திரம் வேறு. தவணை கட்டி முடிந்து பத்திரம் கைக்கு வரும்வரை அந்தப் பெயர் பாதிப் பெயர். மேலும், பெண்ணின் பெயரில் கொடுத்த வீடு பெண்ணின் வேலை இருக்கும் இடத்தில் ஏன் இல்லை என்ற கேள்வியை அந்தப் பெயர் மூடி மறைக்கக் கூடாது.

எதிர்கால வீடுகளுக்கு நிலத்தைக் கணக்கிடும் வேலையை மிக விரிவாகச் செய்து வைத்திருப்பது இங்கிலாந்து. நம் 1920 சட்டத்துக்கு முன்மாதிரியும் அவர்களுடைய 1909 சட்டம்தான் என்பதால் அங்கே எட்டிப் பார்ப்பதில் பொருத்தம் உண்டு. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் நிலத் துண்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளில் சோதிக்க வேண்டும்: வீட்டுக்கு ஏற்றதா, கிடைக்குமா, உண்மையில் கட்டி முடிக்க முடியுமா? 2007இல் இதற்கு விரிவான வழிகாட்டி வந்தது. பட்டியலை எல்லோரும் பார்க்கலாம். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் புல எண்ணோடு பொதுவில் இருந்தால் எவ்வளவோ வழக்குகள் முன்கூட்டியே எழுந்திருக்கும். ஆனால் அந்த முறையிலும் ‘கிடைக்குமா’ என்ற கேள்வியை நில உரிமையாளரிடம்தான் கேட்கிறார்கள். உங்கள் நிலத்தை முன்மொழியுங்கள் என்று அழைப்பு விடுவார்கள். இந்தியாவில் அப்படி அழைத்தால் யார் வருவார்கள்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் நிலக் கைப்பற்றுதாரர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். நிலத்தின் பயன்பாட்டை நன்றாக அறிந்தவளுக்கு அழைப்புக் கடிதமே போகாது.

‘ஏற்றதா’ என்ற கேள்வியையும் நாம் வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கும். வெள்ளம் வருமா, மண் தாங்குமா என்பதோடு முதல் பேருந்து எத்தனை மணிக்கு, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவில் பிரசவம் பார்ப்பார்களா, பள்ளியில் இன்னும் எத்தனை இடம் இருக்கிறது, பெண்களுக்குக் கூலி வேலை நடந்து போகும் தூரத்தில் உண்டா என்றும் அதே படிவத்தில் இருக்க வேண்டும். இவற்றை ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ என்று பிற்சேர்க்கையாக வைத்தால் நிலம் முடிவான பிறகுதான் யாராவது படிப்பார்கள். படிவத்தின் முதல் பக்கத்தில் பதில் இல்லையென்றால் அந்த நிலம் ‘கிடைக்கும்’ பட்டியலுக்கே போகக் கூடாது. அப்படிச் செய்தால் நிலம் குறைந்துபோகும் என்பார்கள். நகரத்துக்கு வெளியே குறையும், ஆமாம். அப்போதுதான் நகரத்துக்குள் தேட வேண்டிய கட்டாயம் வரும்.

இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டத்தின் இலக்காண்டு 2026. 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கையில் எடுத்திருக்கிறது. 2022இல் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏராளமான கிராமங்கள் இப்போது சென்னையின் வருங்கால வீட்டு நிலம். டிரெமன்ஹீர் தரிசுக் கணக்குப் பார்த்த மண்ணில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டால் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆட்சேபணை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலத்தை விவசாய வகையிலிருந்து குடியிருப்பு வகைக்கு மாற்றக் கேட்கும் மனைக்காரர்கள். எழுதக்கூடாது என்று பெண்களை யாரும் தடுக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை.

இரண்டு ஆண்டுகளாக என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்து வருகிறேன். அவரவர் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டு விவரத்தை அரசின் இணையதளத்தில் புல எண் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். புறம்போக்கு, தரிசு என்று வரும் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, அருகில் இன்னொரு குறிப்புப் பத்தி போட வேண்டும். பிறகு வீட்டிலும் தெருவிலும் இருக்கும் மூத்த பெண்களிடம், ஊரிலும் சேரியிலும் இரண்டிலும், அந்த இடத்தைப் பற்றிக் கேட்டு அந்தப் பத்தியை நிரப்ப வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கொண்டுவந்த தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கு: ஆடு, எட்டு வீட்டுப் பெண்கள், காலையில். ஓடை: துணி, சேரிப் பெண்கள் கீழ்ப்பக்கம், 1980 வரை. களம்: நெல், வேர்க்கடலை, இப்போது நூறு நாள் வேலைக்குக் கூடும் இடம். தீர்வை ஏற்படாத தரிசு: முள் வெட்டுவோம், கழிப்பறை கட்டுவதற்கு முன் ஒதுங்கும் இடம், பாம்பு கடித்து ஒருத்தி இறந்தாள், இப்போது கல் நட்டிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை.

இப்படி நாற்பதுக்கு மேல் தாள்கள் சேர்ந்துவிட்டன. வட்டம் வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறோம். வரைவு வெளிவந்ததும், அந்தப் புல எண்கள் குடியிருப்பு வகைக்கு வந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனுவாக, தாளின் நகலோடு போகும்.